ரயில் தெரியாத தோட்டம்

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பவளிடம் வந்து ஒருத்தி பூச்செடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருமா, வராதா? எனக்கு வந்தது. பியூலா அதைக் கவனிக்கவில்லை. என் முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு டிராயிங் சார்ட்டைத் தரையில் விரித்தாள். அது சுருண்டுகொண்டே வந்ததால் நான்கு மூலையிலும் என் டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

“மாமி, நல்லா பாத்துச் சொல்லுங்க. இதுல அவருக்குச் சரியாயிடுமா?”

பியூலா மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். எதைச் செய்தாலும் பாடக்குறிப்பு எழுதித்தான் செய்வாள். சார்ட்டின் தலையில் ‘நோக்கம்: மனம் அமைதி பெறுதல்’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். கீழே உபகரணங்கள், செயல்முறை எல்லாம் வரிசையாக இருந்தன. மதிப்பீடு என்று ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டிருந்தாள். நடுவில் அவர்கள் வீட்டுக் கொல்லை, அளவு தப்பாமல், கலர் பென்சிலில்.

“தோட்டம் போட்டா மனசு சரியாயிடும்னு யாருடீ சொன்னா?”

“டாக்டர்தான் மாமி. மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, வீட்ல இடம் இருந்தா செடிகொடி வைக்கச் சொல்லுங்கன்னார். சும்மா நாலு செடியை நட்டா ஆகுமா? யோசிச்சு வைக்கணும். இது வாசனைப் பகுதி. பவழமல்லி, மனோரஞ்சிதம். இது கண்ணுக்குக் குளிர்ச்சி, அத்தனையும் வெள்ளைப் பூ, செவப்பே கிடையாது. இங்க ஒரு தொட்டி, தண்ணி சொட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும். இது துளசி, தூதுவளை. நடுவுல ஒரு பெஞ்சு.”

“இது என்ன, மேற்கால பூராப் பச்சையைத் தீட்டி வெச்சிருக்கே?”

“அதுதான் மாமி முக்கியம்,” என்றாள். “ரயில் தெரியக்கூடாது.”

மேற்கே ரயில்தான். தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில், லைனுக்குக் கிழக்கே, தெருவின் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையவை. இரண்டு வீட்டுக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை. அதில் போய்த் தண்டவாளத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு, பஸ், ரேஷன் கடை, மாவு மெஷின் எல்லாம். கேட் வழியாகச் சுற்றினால் ஒரு மைல். வெயிலில் யார் சுற்றுவார்கள்? எல்லோரும் தாண்டுவோம்.

பியூலாவின் புருஷர் தனசிங், எலெக்ட்ரிக் டிரெயின் மோட்டார்மேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்குமாகப் பதினோரு வருஷம் ஓட்டியவர். அந்த அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாசத்தில், குரோம்பேட்டைக்கு அந்தப் பக்கம், கீரைக்கூடையோடு லைனைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை இவர் வண்டியில் அகப்பட்டுக்கொண்டாள். பக்கத்து லைனில் போன வண்டியையே பார்த்துக்கொண்டு நின்று, அது கடந்ததும் காலை எடுத்து வைத்திருக்கிறாள். அதன் மறைவில் இவர் வண்டி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. மோட்டார்மேன் மேல் தப்பே இல்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதி என்ன?

மோட்டார்மேன் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியைப் பற்றி எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். வண்டி ஓடுகிறவரை அதைக் கீழே அழுத்தியே வைத்திருக்க வேண்டுமாம். ஓட்டுகிறவருக்கு மயக்கம் வந்து கை விலகினால் வண்டி தானாகவே பிரேக் போட்டுக்கொண்டு நிற்குமாம். தனசிங் சில நாள் கழித்து டியூட்டிக்குப் போனார். பல்லாவரம் தாண்டியதும் கை விலகியது. வண்டி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. வண்டி முழுக்க ஆபீஸ் ஜனம், கத்தித் தீர்த்துவிட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான்.

வண்டியில் நிற்காத கை வீட்டில் நிற்க ஆரம்பித்தது. நாற்காலியின் கை, ஜன்னல் கட்டை, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு என்று எதையாவது அழுத்திக்கொண்டே இருப்பார். உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். எழுந்தால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். நான் கொடுத்தனுப்பும் மோர்க்குழம்பை நின்றுகொண்டேதான் சாப்பிட்டார் என்று பியூலா சொல்வாள். நல்ல மனுஷர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். அவர் நடக்கிற சத்தம் பாதையைத் தாண்டி என் வீட்டில் கேட்கும்போது எனக்கே காலில் எறும்பு ஊர்வது போல இருக்கும்.

மார்ச் கடைசியில் மெடிக்கல் போர்டு. அதில் தேறினால் வண்டி. தேறாவிட்டால் ரிகார்டு ரூமில் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். ஆயுசுக்கும் வண்டியைத் தொட முடியாது.

“ஃபைல் தூக்க ஆயிரம் பேர் இருக்காங்க மாமி,” என்றார் தனசிங் ஒருநாள். “நான் வண்டிக்காரன். வண்டி இல்லேன்னா என்னை நான் என்னன்னு சொல்லிக்கிறது?”

பியூலாவின் கையில் ஏழெட்டு மாதம் இருந்தது.

இரும்புலியூரிலிருந்து குப்புராஜ் என்கிற ஆளைப் பிடித்து வந்தாள். முதல் நாள் கடப்பாரையைப் போட்டதும் தீப்பொறி பறந்தது. எங்கள் பக்கத்து மண் அப்படி. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை.

“இன்னாம்மா இது, மண்ணா இது?” என்றான் குப்புராஜ். “கல்லு கீது, சரளை கீது, மண்ணைத்தான் காணோம்.”

“அதான் ஏரி வண்டல் கொண்டுவரச் சொன்னேனே.”

“கொண்டாறேன்மா. சேலையூர் ஏரி வத்திப்போய்க் கீது, நாலு வண்டி அட்ச்சிடலாம். ஆனா ரெயிலே தெரியக்கூடாதுன்றியே, அதுக்கு மரம் வெச்சீன்னா மூணு வர்சம் ஆவும்.”

“மார்ச்சுக்குள்ள வேணும்.”

“கொயந்தைக்கே பத்து மாசம் வோணும்மா! மார்ச்சுன்னா எப்டி?” என்று தலையைச் சொறிந்தான். பிறகு கொல்லையின் ஓரத்துக்குப் போய்க் காலால் அளந்து பார்த்தான். “ஒண்ணு பண்லாம். சவுக்குக் கயி நட்டு ரெண்டாள் ஒசரத்துக்கு மூங்கில் தட்டி கட்டிடறேன். கோவக்கொடி, அவரை, சங்குப்பூ அல்லாத்தையும் ஏத்திவுட்டா மழைல அப்டியே மூடிக்கும். ஆனா உன் வேலிக்குள்ளாற கட்னா எடம் பூடும். நாலடி வெளில தள்ளிக் கட்டிக்கிறேன்.”

“அது ரயில்வே இடமாச்சே.”

“சாரும் ரெயில்வேதானே? அவுரு எடத்துல அவுரு கட்றாரு. எவன் கேக்கப்போறான்?”

பியூலா யோசித்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பாதை ஓரமாகத் தட்டி வருகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுச் சமாசாரம் நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். தேவையில்லாத எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய் இது.

வண்டல் வந்து கொட்டிய வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் சேற்று நாற்றம். பியூலா பள்ளிக்கூடத்திலிருந்து நாலரைக்கு வருவாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். நாற்பது வாளி. நான் எண்ணியிருக்கிறேன். சாக்பீஸ் பிடித்த விரலெல்லாம் காய்த்துப்போய், ஜெபப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டக்கூட முடியவில்லை என்று சிரித்தாள்.

தனசிங்கும் வேலை செய்தார். டாக்டர் சொன்னதாயிற்றே. குழி தோண்டச் சொன்னால் தோண்டுவார். வண்டிச் சத்தம் கேட்டால் கடப்பாரையை மண்ணில் ஊன்றி, அதன் தலையை அழுத்திக்கொண்டு நிற்பார். வண்டி போனதும் மறுபடி தோண்டுவார்.

“இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?” என்று பியூலா நாலாம் வகுப்புக் குரலில் கேட்பாள்.

“ஊத்தினேன்.”

“எப்போ?”

“மூணு அம்பத்தெட்டுக்கு.”

“அது மணியா, வண்டியா?”

“ரெண்டும்தான்.”

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. குப்புராஜ் சொன்னது பலித்தது. கோவைக்கொடி ஒரு நாளைக்கு ஒரு முழம் ஏறியது. அவரை அதன் மேல் ஏறியது, சங்குப்பூ இரண்டின் மேலும் ஏறியது. கிறிஸ்துமஸுக்குள் மேற்கே ஒரே பச்சைச் சுவர். பவழமல்லி இடுப்பளவு வந்திருந்தது. நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் சொட்டியது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டே, “பியூலா, ஊட்டி மாதிரி இருக்கே” என்றார்கள். பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அதோடு எரிச்சலும் சேர்ந்தது. தை மாத வெயில் தெற்கே சாய்ந்து வருமா, அந்தத் தட்டியின் நிழல் மூன்று மணிக்கெல்லாம் என் வாசலில் விழுந்துவிடும். வடாம் பிழிகிற காலம். எங்காத்துக்காரர் பத்ரிநாராயணனுக்கு வடாம் இல்லாமல் தயிர்சாதம் இறங்காது. ஏஜீஸ் ஆபீசில் இருக்கும் அத்தனை வேலையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து, சாயங்காலம் என் வாசலில் நின்று, “என்ன சுந்தரவல்லி, இன்னும் ஈரமாவே இருக்கே” என்பார்.

ஒருநாள் பியூலா பள்ளிக்கூடம் போன பிறகு அவர்கள் கொல்லைக்குப் போனேன். தனசிங் பெஞ்சைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“தோட்டம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு மாமி. பியூலா ரொம்ப கஷ்டப்பட்டிருக்கா.”

“அப்போ செத்த உக்காரப்படாதோ?”

எனக்காக உட்கார்ந்தார். கை பெஞ்சின் பலகையை அழுத்தியது. அந்தச் சமயம் சானடோரியம் பக்கமிருந்து லோக்கல் வந்தது. இலைக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம் மட்டும்.

“இப்போ பாதைகிட்ட வந்துடுச்சு,” என்றார் மெல்ல. “இப்போ நம்ம வீட்டைத் தாண்டுது. போயிடுச்சு.” மூச்சை விட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

“அதைத் தெரிஞ்சுண்டு என்ன பண்ணப்போறேள்?”

“முன்னெல்லாம் ஜன்னல்லேருந்து பாப்பேன் மாமி. வண்டி வரும், போகும், லைன் காலியா இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னு தெரிஞ்சுடும். அடுத்த வண்டி வரைக்கும் மனசு கொஞ்சம் அடங்கும். இப்போ சத்தம்தான் வருது. போனப்புறம் லைன்ல என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியலையே.”

“இதைப் பியூலாகிட்ட சொல்லப்படாதோ?”

“அவ தினம் நாப்பது வாளி எறைக்கிறா. எப்படி மாமி சொல்றது?”

அவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். அன்று சாயங்காலமே கிணற்றடிக்குப் போய், “பியூலா, தட்டியால அவருக்கு ஜாஸ்தியாத்தான் ஆறது, எடுத்துடு” என்றேன். வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

“மாமி, உங்க வடாத்துக்கு வெயில் வரலேன்னா அதை நேரா சொல்லுங்க. அவரை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

“என்னடீ பேச்சு இது? நான் வடாத்தையா சொன்னேன்?”

“போன வாரம் சொன்னீங்களே! நிழல் விழுது, காயலே, பூஞ்சக்காளான் பூக்கறதுன்னு. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். போர்டு முடியற வரைக்கும் ஒரு இலையைத் தொட விடமாட்டேன். அவர் வண்டிக்குப் போயாகணும் மாமி. ராத்திரி பகல் எனக்கு அது ஒண்ணுதான்.”

சொன்னது உண்மை, சொல்லியிருந்தேன். அதனால்தான் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. இனி உன் வாசல்படி மிதித்தால் என் பேர் சுந்தரவல்லி இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் பேச்சு வார்த்தை இல்லை. மோர்க்குழம்பும் போகவில்லை.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. மதியம் மூன்றரை இருக்கும். கழுவிக் காயவைத்த அரிசியை டின்னில் போட்டுக்கொண்டு மெஷினுக்குக் கிளம்பினேன். பியூலா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக்கூடாது என்று கழுத்தை வலப்பக்கமாகவே வைத்துக்கொண்டு நடந்தேன். இடப்பக்கம் இருந்ததும் அந்தத் தட்டிதான். பாதை முடிகிற இடம் வரைக்கும் ஜல்லியைத் தொட்டுக்கொண்டு பச்சையாக நின்றது.

எட்டு வருஷமாகத் தாண்டுகிற லைன். வலப்பக்கம் சானடோரியத்திலிருந்து லோக்கல் வருவது தெரிந்தது. அது தூரத்து லைனில், இன்னும் நேரம் இருந்தது. ஹாரன் கேட்டது. அதன் ஹாரன்தான் என்று நினைத்தேன். டின்னை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஜல்லியில் ஏறினேன்.

“மாமீ! நில்லு! காலை வெக்காதே!”

தட்டிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னை ஒருத்தரும் அப்படி அதட்டியதில்லை. எவன் அவன் என்னை ‘நில்லு’ என்பது என்று திரும்பினேன். அந்தத் திரும்பல்தான். முதுகுக்குப் பின்னால் இடப்பக்கத்திலிருந்து எக்ஸ்பிரஸ் பாய்ந்தது. புடவைத் தலைப்பு அதன் காற்றில் பறந்து முகத்தில் அடித்தது. டின் கீழே விழுந்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் பெருமாளே, பெருமாளே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றேனாம்.

வண்டி முடிந்ததும் தனசிங் ஓடி வந்தார். வெறுங்காலில் ஜல்லி மேல் ஓடி வந்தார்.

“அடி பட்டுதா மாமி? எங்கயாவது பட்டுதா? ஜல்லியில உங்க செருப்புச் சத்தம் கேட்டுத்தான் கத்தினேன்.”

நான் தலையை ஆட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், லைனைப் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தில் வந்து நின்று, தாம்பரம் பக்கம் தலையைத் திருப்பினார். ஆறு மாதமாக உள்ளேயே இருந்த மனுஷர், வெளியிலிருந்து அந்தத் தட்டியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

“இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே,” என்றார். “இலைதான் தெரியுது.”

உள்ளே போனார், அரிவாளோடு வந்தார். முதல் வெட்டில் அவரைக்கொடி சரிந்தது. அடுத்ததில் மூங்கில். பூவும் பிஞ்சுமாகக் கொட்டியது. பியூலா சோப்புக் கையோடு ஓடி வந்தாள். அவள் அலறியது என் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்ரிநாராயணனையே எழுப்பிவிட்டது.

“என்ன பண்றீங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க!”

“தள்ளு பியூலா.”

“தள்ளமாட்டேன். போர்டுக்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?”

“மாமி செத்திருப்பாங்க.”

பியூலா என்னைப் பார்த்தாள். சிதறிக் கிடந்த அரிசியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அந்தம்மாவும் இப்படித்தான் வந்தா,” என்றார் தனசிங். வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஒரு வண்டி மறைச்சுது, அதுக்குப் பின்னாடி நான் வந்தேன். வண்டி மறைச்சா ஒரு நிமிஷத்துல விலகிடும். இது விலகுமா? நாள் பூரா மறைச்சுக்கிட்டு நிக்குது. லைன் ஓரத்துல பார்வையை மறைக்கிற எதுவும் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்துத்தான் வண்டியைக் குடுத்தாங்க. நான் அதைப் பக்கத்துலயே பெஞ்சு போட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். நான் செஞ்சது இது. அன்னிக்கு நடந்தது நான் செய்யல, இதை நான் செஞ்சேன்.”

“நீங்க எங்க செஞ்சீங்க? நான்தானே செஞ்சேன்!” என்று பியூலா கத்தினாள். “உங்களுக்காகத்தானே வெச்சேன்! உங்க ஒருத்தருக்காகத்தானே!”

அவள் கேட்டது நியாயம்தான். பிறகு அவளே கொடியைக் கையால் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே இழுத்தாள். நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். பத்து நாள் பேசாததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. “மாமி, என்னை மன்னிச்சுடுங்க மாமி,” என்றாள். “சும்மா இருடீ, அந்தக் கயித்தை அறு முதல்ல,” என்றேன்.

மறுநாள் கழிகளைப் பிடுங்க வந்த குப்புராஜ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். “அய்ய, இன்னா சார், நல்லா இருந்த தோட்டத்தை இப்டிப் பேஜார் பண்ணிட்டியே! எவனாவது ஆபீசர் வந்து கேட்டானா?”

“நான்தான் கேட்டேன்,” என்றார் தனசிங்.

அதற்குப் பிறகு தோட்டத்துக்கு அவரே திட்டம் போட்டார். சார்ட் எதுவும் இல்லை, வாயால்தான். வேலியை உள்ளே தள்ளு, முழங்காலுக்கு மேல் வளர்கிற எதுவும் லைன் பக்கம் கூடாது. பவழமல்லியைப் பெயர்த்து வீட்டுச் சுவரோரம் வைத்தார். பெஞ்சைத் தூக்கி மேற்கே பார்க்கப் போட்டார். வெறுமையான இடத்தில் முளைக்கீரை விதைக்க விதை கொண்டுவரச் சொன்னார்.

“கீரை வேண்டாங்க,” என்றாள் பியூலா. “கனகாம்பரம் போடலாம்.”

“கீரைதான்,” என்றார்.

பியூலா ஒரு வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு மாத வேலை குப்பையாக எரிந்த இடத்தில் அவளால் எப்படி நிற்க முடியும்? போர்டில் இவர் தோற்கப்போகிறார் என்றே நினைத்தாள். என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, “எல்லாம் போச்சு மாமி,” என்பாள். நான் காபியைக் கொடுப்பேன். வேறென்ன சொல்வது?

ஆனால் கொல்லையில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. தனசிங் காலையில் பூவாளியோடு வேலி ஓரம் வந்துவிடுவார். பாதையில் யார் வந்தாலும் குரல் கொடுப்பார். “அம்மா, நில்லுங்க, தாம்பரத்துலேருந்து ஒண்ணு வருது. இன்னும் ஒண்ணு இருக்கு. ஆங், இப்போ போங்க.” தயிர்க்காரி, பால்காரர், காலேஜ் பையன்கள், எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜல்லியில் ஏறுவார்கள். நானும்தான். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும், அவர் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். நாள் முழுக்க நின்றவருக்குச் சாயங்காலம் கால் வலிக்கும். கால் வலித்தால் மனுஷன் உட்காரத்தானே வேண்டும்? உட்கார ஆரம்பித்தார்.

ஒருநாள் பியூலா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொல்லைக் கதவிடுக்கு வழியாகக் காட்டினாள். தனசிங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லோக்கல் வந்தது, பார்த்தார். போனது, பார்த்தார். கை மடியில் சும்மா கிடந்தது. பியூலா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்க நின்றாள்.

மார்ச் கடைசி வாரம் போர்டு. இருவரும் காலையில் போனவர்கள் நாலு மணிக்குத் திரும்பினார்கள். நான் தெருமுனையிலேயே நின்றிருந்தேன். தனசிங் தூரத்திலிருந்தே, “ஃபிட் மாமி!” என்று கத்தினார்.

“இத்தனை மாசம் வீட்ல என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. செடி வெச்சேன், அப்புறம் வெட்டினேன்னு சொன்னேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

பியூலா சிரிக்கவில்லை. உள்ளே வந்து தண்ணீர் கேட்டாள்.

“மாமி, எட்டு மாசம் இதுக்காகத்தான் முழங்கால் போட்டு ஜெபிச்சேன். இப்போ கிடைச்சதும் பயமா இருக்கு. மறுபடி பல்லாவரத்துல கையை எடுத்துட்டார்னா? யாராவது குறுக்க வந்துட்டா? வீட்லயே இருந்து கீரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா என்னன்னு தோணுது. நான் எவ்வளவு பெரிய பாவி பாருங்க.”

“பாவியும் இல்லே, ஒண்ணும் இல்லே. பெண்டாட்டிக்குத் தோணத்தான் தோணும்,” என்றேன்.

புதன்கிழமை முதல் டியூட்டி. தாம்பரத்தில் நாலு பத்துக்கு எடுத்து பீச்சுக்கு. அன்று பியூலா பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முகம் கழுவி, கல்யாண நாளைக்குக் கட்டுகிற அந்த நீலப் பட்டைக் கட்டிக்கொண்டாள். தலை வாரிக்கொண்டு வந்து, “இது சரியா இருக்கா மாமி?” என்றாள். மறுபடி உள்ளே போனாள், மறுபடி வந்தாள். கீரைப் பாத்திக்கும் கிணற்றுக்கும் நடந்தாள். “நான் இங்கதான் நிப்பேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்,” என்றாள். “வேலிகிட்ட வந்து நின்னா அங்கேருந்து நல்லாவே தெரியும். இந்தப் பக்கம் திரும்பினாப் போதும்.” களை பறிக்க வந்த குப்புராஜும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

நாலு பதிமூன்றுக்கு ஹாரன் கேட்டது. பியூலா என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். தாம்பரம் வளைவிலிருந்து வண்டி வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, தூரத்திலிருந்தே தெரிந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் காக்கிச் சட்டை. பிறகு முகம். பாதைக்கு முன்னால் இன்னொரு தரம் நீளமாக ஹாரன் அடித்தார். பியூலா பட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். கையை அரைவாசி தூக்கினாள்.

தனசிங் திரும்பவில்லை. தலை இந்தப் பக்கம் ஒரு நூல்கூட அசையவில்லை. கண் நேரே தண்டவாளத்தில். எங்களைத் தாண்டினார், பாதையைத் தாண்டினார், வண்டியின் சத்தம் மாறாமல் அப்படியே ஓடியது. ஜன்னலோரப் பிரயாணிகள்தான், பட்டுப்புடவையோடு கீரைப் பாத்தியில் நிற்பவளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

“அய்ய, இன்னாம்மா சாரு இப்டிப் பண்ட்டாரு?” என்றான் குப்புராஜ். “இம்மாந் நேரம் நீ காத்துகினு நிக்கிறே, ஒரு கை ஆட்டக்கூடாதா?”

பியூலா தூக்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

“ஆட்டலை குப்புராஜ்! கைப்பிடிலேருந்து கையை எடுக்கவே இல்லை! திரும்பக்கூட இல்லை! பாத்தீங்களா மாமி, அவர் என்னைப் பாக்கவே இல்லை!”